நாற்காலி உயரத்தில் ஒரு வண்டி

ரோமன் டூடெக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட ஒரு காரணமும் இல்லை. மிச்சிகனில், வாரன் நகரத்தில், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றில் என்னோடு குடித்தனம் நடத்தியவன். கார் கம்பெனியில் வேலை பார்த்தான். எங்கள் ஊரில் அதைச் சொல்வதும், அவனுக்கு மூக்கு இருந்தது என்று சொல்வதும் ஒன்றுதான். அவன் போய் மூன்று பனிக்காலம் ஓடிவிட்டது.

ஆனால் தொண்ணூறுகளில் நீங்கள் எப்போதாவது ஒரு மனிஸ்டீ வண்டியில் ஏறியிருந்தால், குனியாமலும் தொற்றி ஏறாமலும் சும்மா திரும்பிப் பின்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தால், அந்த உயரம் என் ரோமன் வைத்தது. வடக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயரை அந்த வண்டிக்கு வைத்தார்கள். அதைத்தான் அவன் ஐந்து வருஷம் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்தான். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் மாமனாரைச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் ரத்தக்கொதிப்பு ஏறும். பரவாயில்லை, மாத்திரை இருக்கிறது.

மாமனார் வால்ட்டர் டூடெக். ஊரின் கிழக்குப் பக்கத்துக் கம்பெனியில், பிக்கப் வண்டிக்குச் சேஸிஸ் பூட்டும் இடத்தில் நின்று நின்றே இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கம்பெனித் தொப்பியைச் சாப்பாட்டு மேஜையில்கூடக் கழற்ற மாட்டார். அவர் வீட்டு முன்னால், தெருவிலிருந்து கராஜ் வரைக்கும் ஒரு சிமெண்டுப் பாதை உண்டு. அவரே கலவை கலந்து, அவரே இழுத்து மட்டம் பார்த்துப் போட்டது. அந்தச் சிமெண்டில் வேறு கம்பெனி வண்டியின் சக்கரம் படக் கூடாது. எங்கள் பக்கம் இது ஒன்றும் புதுச் சட்டம் இல்லை. தொழிற்சாலை வாசலிலேயே நம்ம வண்டிக்கு முன்வரிசை, மற்றவன் வண்டிக்கு வேலியோரம் என்று பலகை வைத்திருப்பார்கள். மாமா அந்தப் பலகையை மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பாதிரியார் வந்தால்கூடத் தெருவில்தான் நிறுத்த வேண்டும்.

எண்பதில் ஊரே வேலையில்லாமல் கிடந்தது. கிழக்குக் கம்பெனியில் இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது ரோமனுக்கு மேற்குப் பக்கத்துக் கம்பெனியில் இடம் கிடைத்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூத்தவள் பிறந்திருந்த நேரம். நான் சந்தோஷத்தில் அழுதேன். மாமாவிடம் சொல்ல இருவருமாகப் போனோம்.

"போடா, போ. எவன் குடுத்தாலும் சம்பளம் சம்பளந்தான்," என்றார் மாமா, உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே. "ஆனா ஒண்ணு. அவனுங்க வண்டிய வாங்கிட்டு வந்தேன்னு வை, தெருவுலதான் நிறுத்தணும்."

"அப்பா, நான் உங்க பையன்."

"நீ பையன். வண்டி பையன் இல்லையே."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெருவில். பனி கொட்டி, தெருவில் நிறுத்தத் தடை போட்டுவிட்டால் சர்ச் மைதானத்தில் விட்டுவிட்டு, பிள்ளைகளையும் முட்டைக்கோஸ் உருண்டைப் பாத்திரத்தையும் சுமந்துகொண்டு நடப்போம். பாதையில் மாமாவின் பிக்கப் மகாராஜா மாதிரி தனியாக நிற்கும். பக்கத்தில் இன்னொரு வண்டிக்குத் தாராளமாக இடம் இருக்கும். "உங்கப்பாவுக்கு வீம்புக்கு ஒரு அளவே இல்லையா?" என்று நான் கத்துவேன். ரோமன் சிரிப்பான். அவனுக்குக் கோபமே வராது. எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னிடம் இருந்தது.

எண்பத்தைந்து வாக்கில் ரோமனைப் புது வண்டிக்கு மாற்றினார்கள். அதுவரை அவர்களிடம் இருந்தது இரண்டு கதவு வைத்த குட்டி முரடன். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடித்து, பிள்ளையை மூட்டை மாதிரி உள்ளே தள்ள வேண்டும். நாலு சக்கரமும் ஓட வேண்டுமென்றால் பனியில் இறங்கி, குனிந்து, முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைக் கையால் திருப்ப வேண்டும். வேட்டைக்குப் போகிற ஆண்களுக்கு அது சுகமாக இருந்திருக்கலாம். இப்போது கம்பெனி கேட்டது வேறு. நாலு கதவு வேண்டும், ஐந்து பேர் உட்கார வேண்டும், படகை இழுக்க வேண்டும், மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கவும் வேண்டும். ரொம்பப் பெரிதாகவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் எங்கள் கராஜ்கள் எல்லாம் தீப்பெட்டி சைஸ். அடியில் பிக்கப்பின் எலும்பு, உள்ளே காரின் சுகம். கேட்கிறவனுக்கு வாய் வலிக்கவா போகிறது?

ரோமனுக்குக் கிடைத்த வேலை மனிதர்கள் உட்காரும் இடம். சீட்டு எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம், கால் வைக்கும் படி எங்கே, கை எது வரைக்கும் எட்டும் என்பதெல்லாம் அவன் தலையில். அவன் எங்கள் கராஜில் பலகை அடித்து, பழைய சீட்டு ஒன்றைப் போட்டு, ஒரு மர வண்டியே கட்டிவிட்டான். சோதனைக்கு யார்? நான்தான். ஐந்தடிக்கு ஒரு விரல் குறைச்சல், சர்ச்சுக்குப் போடும் இறுக்கமான பாவாடை, கையில் மளிகைப் பை.

"ஏறு, லொரெட்டா."

"எத்தன தடவடா ஏறுவேன்? அடுப்புல சூப்பு கொதிக்குது."

"இன்னும் ஒரே ஒரு தடவ. மரக்கட்டைய எடுத்துட்டேன் பாரு, கொஞ்சம் கீழ வந்திருக்கும்."

"பாவாட கிழிஞ்சா உன் கம்பெனிதான் தெச்சுக் குடுக்கணும், சொல்லிட்டேன்."

ஏறினேன், இறங்கினேன், திட்டினேன். பின்கதவைத் தூக்க எனக்கு எட்டவில்லை என்று ஒருநாள் கத்தியதைக் கேட்டுவிட்டு, கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும் பின்கதவுக்காக ஆபீசில் போய்ச் சண்டை போட்டான். காப்பி தொடையில் கொட்டிச் சுட்டுக்கொண்ட நாளில், டம்ளர் வைக்க ஒரு பள்ளம் வந்தது. நாலு சக்கர ஓட்டத்துக்கு டேஷ்போர்டில் ஒரு பொத்தான் போதும் என்று வேறு யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் கேட்டு நான் கை தட்டினேன். சோதனை வண்டி முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, ரகசியம் காக்க அதற்குக் கறுப்பு ரெக்ஸின் அங்கி மாட்டியிருந்தது. "யாரு வீட்டுல சாவு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

என் உடம்புக்குச் சரியான உயரம் கிடைத்துவிட்டது. ஆனால் ரோமன் திருப்திப்படவில்லை. ஒருநாள் அந்த மர வண்டியிலேயே கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"அப்பாவுக்கு இடுப்பு மடங்க மாட்டேங்குது, பாத்தியா? அவர் பிக்கப்ல ஏறும்போது கதவப் புடிச்சுத் தொங்கறாரு. அம்மாவோட கார்ல உக்காந்தா எழுந்திருக்க ஆள் வேணும். அவரு ஏறி உக்கார்ற மாதிரி இது இருக்கணும்."

"அவரு ஏறி உக்காரவா போறாரு, உங்க கம்பெனி வண்டில?"

"ஒரு தடவ. தானா வந்து, ஒரே ஒரு தடவ உக்காரணும். அது போதும் எனக்கு."

இப்படி ஒரு ஆசையை அவன் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

மாமாவிடம் போய் 'அளவெடுக்க வேண்டும், வாங்க' என்று கேட்க முடியுமா? ரோமன் வேறு வழி கண்டுபிடித்தான். மாமா உட்காரும் சாய்வு நாற்காலிக்கு அடியில் அவரே நாலு கட்டை வைத்து உயர்த்தியிருந்தார். வீட்டிலேயே அவருக்கு வலிக்காத இடம் அது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா கை கழுவப் போன நேரம் பார்த்து, இவன் தரையில் மண்டியிட்டு அளவு நாடாவைப் பிடித்தான். நான் வாசலில் காவல். காவல்காரி மாமியாரோடு பேச்சு சுவாரஸ்யத்தில் கோட்டை விட்டுவிட்டாள். மாமா வந்து நின்றார்.

"ஏண்டா, பொட்டிக்கு அளவெடுக்கறியா? நான் இன்னும் சாகலயே!"

ரோமன் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லப்பா... உங்களுக்கு... புதுசா ஒரு நாற்காலி..."

"நாற்காலியா?" மாமாவின் முகம் ஒரு நொடி இளகியது. உடனே சுதாரித்துக்கொண்டார். "ஏன், இதுக்கு என்ன கேடு? சரி, செய்யறதுன்னா செய்யி. கை வெக்கற எடம் அகலமா இருக்கட்டும்."

மாட்டிக்கொண்டான். அதன் பிறகு ஞாயிறு தவறினாலும் அந்தக் கேள்வி தவறாது. "என்னடா, நாற்காலி எது வரைக்கும் வந்துது?" "மரம் இன்னும் காட்டுலயே நிக்குதா?" மாமியார் ஸ்டெல்லா, "பாவம், விடுங்க, அவனுக்கு வேல ஜாஸ்தி," என்பார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

அந்த நாற்காலி உயரம் ஆபீசில் முட்டிக்கொண்டு நின்றது. ரோமனின் மேலாளர் பெல்கி என்றொரு மலைமாடு. சீட்டை இறக்கினால் தரையை இறக்க வேண்டும், தரையை இறக்கினால் சேஸிஸை வளைக்க வேண்டும், காசு யார் அப்பன் வீட்டுக் காசு என்பது அவர் கட்சி. "ஏறி உக்காந்தா கோட்ட மேல உக்காந்த மாதிரி இருக்கணும்யா! கட்டில்ல உக்கார்ற மாதிரி இருந்தா எவன் வாங்குவான்?" என்று கேட்டாராம். இரண்டு வருஷம் ரோமன் கரைத்தும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு நவம்பர் வந்தது. மான் வேட்டை தொடங்கும் நாளில் எங்கள் ஊரில் ஆபீசும் காலி, தொழிற்சாலையும் காலி. பெல்கியும் வடக்கே போனார். மரத்தில் கட்டிய மேடையில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருந்தவர், சூடாகக் குடிக்கலாம் என்று குடுவையை எட்டியபோது தலைகுப்புற விழுந்தார். கால் முறிந்தது. மான் நின்று வேடிக்கை பார்த்ததாம். இரண்டு வாரம் கழித்து ஊன்றுகோலோடு ஆபீஸ் வந்தவரை, சோதனை ஓட்டத்துக்கு அவருடைய கோட்டை வண்டியில் ஏற்ற மூன்று பேர் முக்கினார்கள். ஏறவில்லை. கடைசியில் பெல்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரோமன், உன்னோட கட்டில் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். அந்த வாரமே உயரம் முடிவாயிற்று. அந்த மானுக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

தொண்ணூறில் மனிஸ்டீ வெளிவந்தது. அடேயப்பா, அந்த வரவேற்பு! வாரனில் தெருவுக்கு நாலு. மீன் பிடிக்கப் போகிறவன், பல் டாக்டர், பள்ளிக்கூட டீச்சர், எல்லாரும் வாங்கினார்கள். பின்சீட்டைச் சமதளமாக மடித்துப்போட்டு அதில் கிறிஸ்துமஸ் மரம் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்களும் கரும்பச்சையில் ஒன்று வாங்கினோம். ரோமன் முதல் ஞாயிறே அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி, அப்பா வீட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான். மாமா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். திரையை விட்டார்.

"சாப்பாடு ஆறுது," என்றார். அவ்வளவுதான்.

ஊரெல்லாம் வந்து உட்கார்ந்தது, உட்கார வேண்டிய ஒரு கிழவர் வரவில்லை.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. பிப்ரவரி மாதம் மாமாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. புது மூட்டு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: தாழ்வான சீட்டு ஆகாது, உயரத்தில் தொற்றி ஏறவும் கூடாது. அவருடைய பிக்கப்பும் ஆகாது, மாமியின் காரும் ஆகாது. ரோமன் மனிஸ்டீயை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து நின்றான்.

மாமா வாக்கரைப் பிடித்தபடி வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"வேற வண்டியே கெடைக்கலயா?"

எனக்கு வந்ததே கோபம். "மாமா, கெடச்சுது! சவ வண்டி ஒண்ணு சும்மாதான் நிக்குதாம். கூப்பிடட்டுமா? குளுருல எல்லாரும் வெறச்சுப் போயி நிக்கறோம், ஏறுங்க!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா என்னை முறைத்துவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்லப் பின்னால் நகர்ந்தார். உட்கார்ந்துவிட்டார். யாரும் கை கொடுக்கவில்லை. கால்களைத் தூக்கி உள்ளே வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தேடி, கதவில் இருந்த அகலமான இடத்தில் வைத்தார்.

"ஒரு நாற்காலி செய்ய இத்தன வருஷமாடா?" என்றார் ரோமனைப் பார்க்காமல்.

ரோமன் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான். வீடு வந்ததும் ரோமன் வேகத்தைக் குறைத்தபோது, "தெருவுலயே நிறுத்து," என்றார். பனிக்கட்டி மேல் வாக்கரை ஊன்றி ஊன்றி, ரோமன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி, ஒருவழியாக உள்ளே கொண்டுசேர்த்தோம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று மாமியிடம் புலம்பினேன்.

"ஏறிட்டாருல்ல, உன் ஆச தீந்துதுல்ல?" என்று வீட்டில் ரோமனிடம் கேட்டேன்.

"வேற வழியில்லாம ஏறினாரு, லொரெட்டா. அது கணக்குல சேராது," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் பூசைக்கு முன் மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று போனோம். முந்தின நாள் பனி கொட்டியிருந்தது. தெருவில் திரும்பியதும் நான் பார்த்தேன். மாமாவின் பிக்கப் தெருவில் நின்றது. தபால் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சிமெண்டுப் பாதை, கராஜ் வாசல் வரைக்கும் சுத்தமாக வாரித் தள்ளி, உப்புத் தூவி, காலியாகக் கிடந்தது.

"ரோமன், அங்க பாரு."

"ஸ்நோ வழிச்சவன் எடத்தக் காலி பண்ணச் சொல்லியிருப்பான்," என்று சொல்லிவிட்டு, இந்த மடையன் பழக்கதோஷத்தில் பிக்கப்புக்குப் பின்னால், தெருவிலேயே கொண்டுபோய் நிறுத்தினான்!

வீட்டு ஜன்னல் கண்ணாடியில் டமடமவென்று சத்தம். மாமா வாக்கரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார். மாமி பதறிக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குரல் தெருவுக்கே கேட்டது.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? உங்கம்மா விடிஞ்சதுலேருந்து அந்த பிக்கப்ப வெளிய எடுக்கறேன்னு தபால் பொட்டிய இடிச்சுத் தள்ளிட்டா! தெருவுல நிறுத்தினா நான் எப்படிடா ஏறுவேன்? பூசைக்கு நேரமாச்சு!"

கோட்டு போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, தயாராக நின்றுகொண்டிருந்தார். ரோமன் சாவியைப் போட முயன்றான். அது வீட்டுச் சாவி. நான் அவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, வண்டியை அந்தச் சிமெண்டில் நானே ஏற்றினேன்.

சர்ச் வாசலில் கிழக்குக் கம்பெனிக் கிழவர்கள் அத்தனை பேரும் புகைத்துக்கொண்டு நின்றார்கள். ஞாயிறுதோறும் அங்கேதான் அவர்கள் சபை. மாமா இறங்குவதைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு ஒருவர் ஆரம்பித்தார்.

"என்ன வால்ட்டர், இடுப்ப மாத்துனாங்களா, இல்ல மூளைய மாத்திட்டாங்களா? யாரு வண்டிடா இது?"

ரோமன் பின்பக்கம் கண்ணாடியைத் திறந்து வாக்கரை எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. நான் மாமாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றேன். மாமா தொப்பியைக் கழற்றினார்.

"எம்பையன் செஞ்சது," என்றார். "எனக்கு அளவெடுத்து."

பூசை நடந்துகொண்டிருக்கும்போதே நான் ரோமனின் காதில் அதைச் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பி, "எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லு," என்றான். சொன்னேன். "இன்னொரு தடவ," என்றான். முன்வரிசைக்காரி திரும்பி முறைத்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. மாமா போன அன்றைக்குச் சொன்னேன். கம்பெனி மனிஸ்டீயை நிறுத்திய வருஷம், இவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆட்களின் பெயரெல்லாம் மறந்துபோன பிறகும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டான். நான் மாமாவின் குரலிலேயே சொன்னேன்.